மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மனநோய்ச் சிகிச்சை இடையில் நின்றுபோகாமல் பார்ப்பது எப்படி?

வெல்லாவெளியூரான்:
எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம், வைத்தியர் ஒருவரை அழைத்து ஒருநாள் மனநல முகாம் நடத்த யோசிக்கிறது. வைத்தியசாலைக்குச் சென்று நன்கு தேறிய சிலர், வேளாண்மை வெட்டுத் தொடங்கியதும் கிளினிக்குக்குப் போவதை விட்டுவிட்டு, சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறார்கள். பஸ் குறைவு, ஒருநாள் கூலி போய்விடும் என்பவையே அவர்கள் சொல்லும் காரணங்கள். முகாம் பயன் தருமா?

ஓய்வுபெற்ற தாதி:
ஐயா, நோய் கண்டறியப்பட்டவர்களே இடையில் நின்றுவிடும்போது முகாமால் என்ன ஆகும்? கதிரை வாடகைக்குச் செலவிடும் பணத்தைக் கிளினிக் நாளில் ஓர் ஓட்டோவுக்குக் கொடுங்கள். நாளாந்தம் மாத்திரை விழுங்க மறப்பவர்களுக்கு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தசையில் ஏற்றப்படும் புளூபெனசின் போன்ற ஊசி உதவலாம். அது பொருந்துமா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். கடும் மனநோய்க்குக் கொடுக்கப்படும் குளோசபின் மாத்திரை எடுப்பவர்களாயின், இரத்தத்தின் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும் என்பதால் முதல் 18 வாரங்களும் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை அவசியம். அவர்களுக்கு வாகனமே முதல் தேவை. கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடை போன்ற பெரிய மனநோய் வைத்தியசாலைகளில் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பரப்புவதே 2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கையின் நோக்கம். ஆகவே, கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலையில் மாதம் ஒருமுறையாவது கிளினிக் நடத்த முடியுமா என மனநல வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

கொக்கட்டிச்சோலை வாசகி:
தாதி அக்கா சொல்வது சரியே. ஆயினும், ஓட்டோ குறிப்பிட்ட வீடுகளின் வாசலில் மட்டும் நின்றால் ஊர் முழுக்கக் கதைக்கும். தம்பிக்குக் கலியாணம் பேசிய காலத்தில் அம்மா அவனுடைய கிளினிக் கொப்பியை அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். பிரஷர், நீரிழிவு நோயாளர்களையும் சேர்த்து ஏற்றிச் சென்றால் யார் எதற்குப் போகிறார் என்பது தெரியாது. கோயிலில் நூல் கட்டுவதையும் தடுக்காதீர்கள். மருந்தை விட்டிருந்த தம்பி மீண்டும் கிளினிக்குக்குப் போனதே பூசாரியார் சொன்ன பிறகுதான்.

ஓய்வுபெற்ற தாதி:
நல்ல யோசனை, தங்கச்சி. பெயர்ப் பட்டியலைச் சங்கக் கூட்டத்தில் வாசிக்கவும் கூடாது. உயிரை மாய்க்கும் எண்ணத்தில் யாரும் எடுத்துவிடாதபடி, அவ்வீடுகளில் வயலுக்கு அடிக்கும் மருந்தைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். அவசரமாயின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

வெல்லாவெளியூரான்:
நன்றி. நீரிழிவுக் கிளினிக் நடக்கும் தினத்திலேயே ஓட்டோ விடப் பார்க்கிறோம். முகாமுக்குப் பனர் அடிக்கக் கொடுத்துவிட்ட எங்கள் தலைவரைச் சம்மதிக்க வைப்பதுதான் இனிப் பெரும்பாடு.