கம்யூனிட்டி காலேஜ் டிரஸ்டிகளை எப்படி அணுகுவது? கலிபோர்னியா அனுபவப் பகிர்வு (எழுதியவர் பெயர் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே)

செம்மண்சாலை

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ்களை (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புத் தரும் அரசுக் கல்லூரிகள்) நடத்தும் டிரஸ்டிகள், அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர்கள், நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்கள். மொத்தம் 72 டிஸ்ட்ரிக்ட் (கல்லூரி நிர்வாக வட்டாரம்), அவற்றுக்குள் 115 கல்லூரி. (இணையவழிக் கல்லூரியான கால்பிரைட் இந்தக் கணக்கில் இல்லை; அதற்கு உள்ளூர்த் தேர்தல் கிடையாது.) பெரும்பாலும் ஐந்து பேர் அல்லது ஏழு பேர் கொண்ட போர்டு. டிஆன்சா, ஃபுட்ஹில் இரண்டுக்கும் சேர்த்து ஐந்து பேர். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒன்பது கல்லூரிக்கும் சேர்த்து ஏழே பேர்.

இவர்களைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் பலர் ஏமாந்து திரும்புவதற்குக் காரணம் ஊர்ப் பழக்கம். அங்கே தாளாளர் மனது வைத்தால் காரியம் முடிந்தது. இங்கே டிரஸ்டி ஒருவர் தனியாக ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாது. முன்கூட்டி அறிவித்த கூட்டத்தில், அஜெண்டாவில் இருக்கும் பொருளுக்கு, பெரும்பான்மை வாக்கு விழுந்தால்தான் அது போர்டின் முடிவு. தனியாகப் பார்த்து "செய்கிறேன்" என்று ஒரு டிரஸ்டி சொன்னாலும் அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆகவே ஆளைத் தேடுவதைவிட அஜெண்டாவையும் தேதியையும் தேடுங்கள்.

எது அவர்கள் கையில் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மார்க் அவர்கள் கையில் இல்லை. ஆசிரியர் போட்ட கிரேடே இறுதி; தவறு (கணக்குப் பிழை போன்றது), மோசடி, கெட்ட எண்ணம், தகுதியின்மை ஆகிய நான்கைத் தவிர வேறு காரணத்துக்கு அதை மாற்ற முடியாது. கல்விச் சட்டம் 76224-வது பிரிவு அது. அதற்கான வழி மாணவர் குறைதீர்ப்பு. பல டிஸ்ட்ரிக்ட்களில் ஏ.பி. (நிர்வாக நடைமுறை) 5530 என்ற எண்ணில் இருக்கும். யூனிட்டுக்கு (பாட அலகுக்கு) 46 டாலர் என்ற கட்டணமும் அவர்கள் வைத்ததல்ல, 2012 முதல் மாநிலச் சட்டமன்றம் வைத்திருப்பது. வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கான கூடுதல் கட்டணத்தை மட்டும் ஒவ்வொரு ஆண்டும் போர்டுதான் தீர்மானிக்கிறது. எச்-4 (எச்-1பி விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகள் விஷயம் வேறு. செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் கலிபோர்னியாவில் குடியிருந்ததை நிரூபித்தால் அவர்கள் உள்மாநிலக் கட்டணத்துக்கு வரலாம். அதை முடிவு செய்வது அட்மிஷன்ஸ் ஆபீஸ். டிரஸ்டியிடம் போய் நிற்க வேண்டாம்.

மாலைவகுப்பு

கூட்டத்தில் பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பது பிரவுன் சட்டம். 1953-இல் வந்த அந்தச் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரத்துக்கு முன்பும், சிறப்புக் கூட்டத்தின் அஜெண்டாவை 24 மணி நேரத்துக்கு முன்பும் ஒட்டியாக வேண்டும். கூட்டம் திங்கள் மாலை என்றால் வெள்ளி மாலைக்குள் வெளியே வந்துவிடும். சனி, ஞாயிறு உங்களுக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம்.

அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைப் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு டிரஸ்டிகள் பதில் விவாதம் நடத்தக் கூடாது. சுருக்கமாக ஒரு வார்த்தை சொல்லலாம், அலுவலர்களைப் பார்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான். இது தெரியாமல் நடக்கும் மனக்கசப்பு கொஞ்சமல்ல. நர்சிங் காத்திருப்புப் பட்டியலைப் பற்றி ஒரு தாய் குரல் நடுங்கப் பேசி முடிக்கிறார். மேஜையில் நேரம் காட்டும் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பாகிறது. தலைவர் "நன்றி" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிடுகிறார். மேடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவமதித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்தத் தாய் வெளியேறுகிறார். உண்மையில் சட்டம்தான் அவர்கள் வாயைக் கட்டியிருக்கிறது. அதே விஷயத்தை அஜெண்டாவில் ஏற்றிவிட்டுப் பேசியிருந்தால் அந்த மௌனம் இருந்திருக்காது.

பொதுமக்களே பொருளை அஜெண்டாவில் வைக்கலாம் என்பது கல்விச் சட்டத்தில் 72121.5 பிரிவு. எத்தனை நாளைக்கு முன் எழுதித் தர வேண்டும் என்பது டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும். போர்டு பாலிசித் தொகுப்பில் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து, அஜெண்டாவுக்கு பி.பி. 2340-ஐயும், பேசும் விதிகளுக்கு பி.பி. 2345-ஐயும் படியுங்கள். பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்கள் ஒரே எண் வரிசையைத்தான் பின்பற்றுகின்றன.

பேச்சுக்குப் பெரும்பாலும் மூன்று நிமிடம். ஆள் அதிகமானால் தலைவர் இரண்டாகவோ ஒன்றாகவோ குறைப்பார். மூன்று நிமிடத்துக்கு ஒன்று, ஒரு நிமிடத்துக்கு ஒன்று என இரண்டு பிரதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்திலேயே அஜெண்டா எண்ணும் கோரிக்கையும் வந்துவிட வேண்டும். "பொருள் 9-பி-க்கு எதிராக வாக்களியுங்கள்" என்று தொடங்கிவிட்டால், நேரம் முடிந்து மைக் நின்றாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. குடும்பக் கதையில் தொடங்குகிறவர்கள் கோரிக்கைக்கு வருவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிடும்.

கையில் பத்துப் பிரதி இருக்கட்டும்: டிரஸ்டிகள், மாணவர் டிரஸ்டி, சான்சலர் (டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகி), போர்டு கிளர்க். அப்படிக் கொடுக்கும் தாள் பொது ஆவணமாகிவிடும். பிள்ளையின் மாணவர் எண், மருத்துவச் சான்று எதையும் அதில் வைக்காதீர்கள்.

காவேரிக்கரை

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், பெற்றோருக்கு இது பெரிய உதவி. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால் இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது (உடனுக்குடன் காதில் ஒலிக்கும் கருவி வைத்திருந்தால் மட்டும் விலக்கு). தமிழில் பேச விரும்பும் தாத்தா பாட்டி தயங்க வேண்டாம். பேசுவதற்குப் பெயர், முகவரி கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மின்னஞ்சலில் ஒரு எச்சரிக்கை. போர்டில் உள்ள எல்லா டிரஸ்டிகளுக்கும் சேர்த்து எழுதலாம், தவறில்லை. ஆனால் அவர்கள் "ரிப்ளை ஆல்" போட்டுத் தங்களுக்குள் பேச ஆரம்பித்தால் அது கூட்டத்துக்கு வெளியே நடந்த கூட்டம். ஐந்து பேர் போர்டில் மூன்று பேர், ஏழு பேர் போர்டில் நான்கு பேர் அப்படிச் சங்கிலியாகப் பேசிவிட்டால் சட்ட மீறல். ஒருவர் நினைப்பதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் தூதராக நீங்களும் ஆகக் கூடாது. பெறுநர்களை பி.சி.சி.-யில் போட்டு அனுப்புங்கள். நல்ல டிரஸ்டிகள் அதற்காக நன்றி சொல்வார்கள்.

பெயர் குறிப்பிட்டு ஒரு ஊழியர் மேல் புகார் என்றால் மைக் முன்னால் வேண்டாம். பேசத் தடை இல்லை, நிர்வாகத்தை விமர்சிக்கும் உரிமையைச் சட்டம் காக்கிறது. ஆனாலும் குறிப்பிட்ட புகாரை மூடிய அமர்வில் விசாரிக்க வேண்டுமானால் அந்த ஊழியருக்கு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எழுத்தில் மனிதவளத் துறைக்குக் கொடுத்தால்தான் அது நகரும்.

கணக்குப்பிள்ளை

பணம் எங்கே முடிவாகிறது என்று பார்ப்போம். அஜெண்டாவில் "கன்சென்ட் காலண்டர்" என்று ஒரு கட்டு இருக்கும். ஒப்பந்தம், பில், நியமனம், பயணம் என முப்பது நாற்பது பொருள் ஒன்றாகக் கட்டப்பட்டு ஒரே வாக்கில் நிறைவேறும். எழுந்து நின்று மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் முடிந்துவிடும். அதில் ஒரு பொருளைத் தனியே எடுத்து விவாதிக்க வேண்டுமானால் ஒரு டிரஸ்டி கேட்க வேண்டும். கூட்டத்துக்கு முந்தைய நாள் மதியத்துக்குள் ஒரே ஒரு டிரஸ்டிக்கு, பொருள் எண்ணும் இரண்டு கேள்வியும் எழுதி, "இதைத் தனியாக எடுக்கக் கோருங்கள்" என்று கேளுங்கள். டிரஸ்டியிடம் தனியாகக் கேட்டுப் பலன் கிடைக்கும் ஒரே இடம் இது என்பேன்.

பட்ஜெட்டுக்கு இரண்டு தேதி: தற்காலிக பட்ஜெட் ஜூலை 1-க்குள், இறுதி பட்ஜெட் பொது விசாரணையோடு செப்டம்பர் 15-க்குள். செப்டம்பரில் வந்து கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது. மார்ச், ஏப்ரலில் பட்ஜெட் பயிலரங்கு நடக்கும்போதே வர வேண்டும். இருப்பு நிதி வரியை முதலில் பாருங்கள். முன்பு 5 சதவீதம் போதும் என்றிருந்தார்கள். இப்போது மாநில சான்சலர் அலுவலகம் இரண்டு மாதச் செலவுக்குச் சமமான இருப்பைப் பரிந்துரைக்கிறது.

அடுத்தது ஐம்பது சதவீத விதி. டிஸ்ட்ரிக்ட்டின் நடப்புக் கல்விச் செலவில் பாதியாவது வகுப்பறை ஆசிரியர் சம்பளத்துக்குப் போக வேண்டும். கவுன்சிலரும் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்) நூலகரும் இந்தப் பாதியில் சேர மாட்டார்கள்! பெற்றோர் கூட்டமாக வந்து "இன்னும் ஐந்து கவுன்சிலர் வேண்டும்" என்று கேட்கும்போது டிரஸ்டிகள் முகம் சுருங்குவது மனமில்லாமல் அல்ல. அந்தச் சம்பளம் கணக்கின் மறுபக்கத்தில் விழுந்து சதவீதத்தைக் கீழே இழுக்கும். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று மாநிலம் தனியே தரும் நிதி இந்தக் கணக்கில் வராது. "எந்த நிதியிலிருந்து" என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள், உரையாடலே மாறிவிடும்.

பாண்ட், அதாவது சொத்து வரியிலிருந்து திருப்பிக் கட்டும் கடன் பத்திரம், வேறு பை. 2000-இல் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபோசிஷன் 39-படி போர்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு (ஐந்தில் நால்வர், ஏழில் ஐவர்) வாக்குச்சீட்டில் வைத்தால், வாக்காளரில் 55 சதவீதம் போதும். சொத்து வரிக்காகக் குறிக்கப்பட்ட மதிப்பீட்டுத் தொகையில் ஒரு லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 25 டாலர் வரி. வீட்டின் மதிப்பீடு 8 லட்சம் டாலர் என்றால் அந்த ஒரு பாண்டுக்கு 200 டாலருக்கு மேல் போகாது. சந்தை விலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பயப்படாதீர்கள். பார்சல் வரிக்கு (ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் போடும் வரி) 55 சதவீதம் போதாது, வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2020 மார்ச்சில் ஃபுட்ஹில்-டிஆன்சா டிஸ்ட்ரிக்ட்டில் 89.8 கோடி டாலர் பாண்ட் தேறியது. அதே சீட்டில் இருந்த பார்சல் வரி தோற்றது. வித்தியாசம் புரியும்.

பாண்ட் பணம் கட்டடத்துக்கும் கருவிக்கும்தான். சம்பளத்துக்குத் தொடவே கூடாது. டியூட்டர் போடுங்கள் என்று பாண்ட் கூட்டத்தில் கேட்பது வீண். அதைவிட பாண்ட் செலவைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் உட்காருங்கள்: குறைந்தது ஏழு பேர், இரண்டாண்டுப் பதவி, தொடர்ந்து மூன்று முறை வரை. மூத்தோர் அமைப்பு, வரி செலுத்துவோர் சங்கம், வணிகர், மாணவர் என ஒதுக்கீடு உண்டு. ஆள் கிடைக்காமல் நாற்காலி காலியாகக் கிடப்பது சர்வ சாதாரணம்.

செம்மண்சாலை

மாணவர் டிரஸ்டியைச் சின்னப் பிள்ளை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவருடைய வாக்கு ஆலோசனை வாக்கு, எண்ணிக்கையில் சேராது, மூடிய அமர்விலும் அவருக்கு இடமில்லை. ஆனாலும் அவர் வாக்கு பதிவாகிறது, அவர் கேள்வி கேட்டால் நிர்வாகம் பதில் சொல்கிறது. பாடத்திட்டம், பட்டத் தகுதி, கிரேடிங் கொள்கை போன்றவற்றில் போர்டு ஆசிரியர்களின் அகாடமிக் செனட்டைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். 1988 சீர்திருத்தச் சட்டத்தின் பலன் அது. செனட்டைக் கேட்க வேண்டிய அந்தப் பதினொரு விஷயங்களைப் பேச்சு வழக்கில் "டென் பிளஸ் ஒன்" என்பார்கள். புதுப் பாடப்பிரிவு வேண்டுமானால் செனட் கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும்.

நதிமூலம்

போர்டு சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜும் காம்ப்டனும் சாட்சி. சான் பிரான்சிஸ்கோவுக்கு 2012 ஜூலையில் அங்கீகார அமைப்பின் கடும் எச்சரிக்கை வந்தது. 2013 ஜூலையில் அங்கீகாரத்தை நீக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. அதே மாதம் மாநிலம் ஒரு சிறப்பு டிரஸ்டியிடம் அதிகாரம் முழுவதையும் ஒப்படைத்து, மக்கள் தேர்ந்தெடுத்த ஏழு பேரையும் ஓரமாக வைத்தது. வழக்கு, போராட்டம் எல்லாம் தாண்டி 2017 ஜனவரியில்தான் அங்கீகாரம் உறுதியானது. காம்ப்டன் இன்னும் வேதனை: 2006-இல் அங்கீகாரமே போய், எல் கமீனோ கல்லூரியின் கிளையாக இயங்கி, 2017-இல்தான் தனிக் கல்லூரியாக மீண்டது. நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பதினோரு ஆண்டில் அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வழி ஆண்டுத் தணிக்கை அறிக்கை. டிசம்பர் 31-க்குள் மாநிலத்துக்குப் போக வேண்டியது. கடைசிப் பக்கங்களில் கண்டறிந்த குறைகளின் பட்டியல் இருக்கும். சென்ற ஆண்டு சொன்ன குறை இந்த ஆண்டும் அப்படியே இருந்தால் அதை மைக்கில் கேளுங்கள். அறிக்கை தராமல் இழுத்தடித்தால் பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். தரத்தக்கதா இல்லையா என்று 10 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். காரணம் காட்டி இன்னும் 14 நாள் நீட்டலாம்.

தேர்தல்வாசி

டிரஸ்டி தேர்தலில் நிற்க விரும்புகிறவர்களுக்கு. அந்த டிஸ்ட்ரிக்ட்டில் குடியிருக்கும் பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும்; ஆகவே குடியுரிமை அவசியம். பல டிஸ்ட்ரிக்ட்கள் பகுதி வாரித் தேர்தலுக்கு மாறிவிட்டன. உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது என்று கவுண்ட்டி தேர்தல் அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள், கோடு தெரு நடுவிலேயே ஓடும். அதே டிஸ்ட்ரிக்ட்டின் ஊழியர் வென்றால் பதவியேற்கும் முன் வேலையை விட வேண்டும்.

மனு தேர்தலுக்கு 113 நாள் முன் தொடங்கி 88 நாள் முன் முடியும். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. இருக்கும் டிரஸ்டி மனுப் போடாவிட்டால் மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 12 வரை நீளும். நன்கொடையாக ஒரு டாலர் வாங்குவதற்கு முன் 501-ஆம் படிவம் (போட்டியிடும் அறிவிப்பு). 2,000 டாலரைத் தொட்டால் பத்து நாளில் 410-ஆம் படிவம் (பிரச்சாரக் குழுப் பதிவு). சொத்து விவரத்துக்கு 700-ஆம் படிவம். வேட்பாளர் அறிக்கை வழக்கமாக 200 சொல், அச்சுச் செலவு பெரும்பாலும் வேட்பாளர் தலையில். மனுவுக்குப் போகும் முன் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டுமே மனுப் போட்டால் அந்த இடம் வாக்குச்சீட்டுக்கே வராமல் அவருக்குப் போய்விடும். இப்படிப் போட்டியில்லாமல் போகும் இடங்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

இடையில் ஒரு இடம் காலியானால் போர்டு 60 நாளுக்குள் தேர்தல் அறிவிக்க வேண்டும் அல்லது தற்காலிகமாக ஒருவரை நியமிக்க வேண்டும். நியமனம் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள், கடந்த வழக்கமான தேர்தலின்போது பதிவாகியிருந்த வாக்காளர்களில் 1.5 சதவீதம் பேர் கையெழுத்திட்ட மனுவைக் கவுண்ட்டி பள்ளிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தால் நியமனம் ரத்தாகிச் சிறப்புத் தேர்தல் வரும். அந்த மனுவில் தேர்தல் அதிகாரி போட்ட செலவு மதிப்பீடு இருந்தாக வேண்டும். போட்டியிட வாய்ப்புள்ள யாருடைய பெயரும் மனுவில் வரக் கூடாது. ஒரு பெயர் இருந்தாலும் மனு செல்லாது. ஆகவே கையெழுத்து வாங்கக் கிளம்பும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, ஒவ்வொரு தாளிலும் அச்சடித்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பதிவு முகவரியும் தாளில் எழுதும் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துவிடுங்கள்; வீடு மாறியவர்கள் கையெழுத்து அங்கேதான் அடிபடும்.