3,000 மீட்டரில் நூற்றாண்டுப் பழைய ஓட்டல்: போன அன்றே தங்கலாமா?

நடைவாசி:
கடலோரத்திலிருந்து ஒரே நாளில் வண்டி ஏறி, அன்று ராத்திரியே அங்கே படுப்பது தப்பு என்பது என் கட்சி. 2,500 மீட்டரைத் தாண்டினாலே, காற்றில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் தாக்கலாம். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, குமட்டல். முதல் ராத்திரி 2,000 மீட்டர் வாக்கில் தங்கிவிட்டு மறுநாள் ஏறுங்கள்.

தேக்குக்கட்டில்:
ரொம்பப் பயமுறுத்துறீங்க சார். எல்லாருக்கும் கூடுதலா ஒரு நாள் லீவு கிடைக்குமா? முதல் நாள் மதுவும் தூக்கமாத்திரையும் தொடக்கூடாது, ரெண்டும் தூக்கத்துல மூச்சை மட்டுப்படுத்தும். முன்னாடி மலைநோய் வந்தவங்க டாக்டரைக் கேட்டு, அதைத் தடுக்கிற அசிட்டசோலமைடு மாத்திரை 125 மி.கி. காலை, மாலை முந்தின நாளே ஆரம்பிக்கலாம். விரல் நுனி குறுகுறுக்கும், சோடா சப்புனு இருக்கும். பழைய கட்டடத்துல லிஃப்ட் இருக்குமானு மட்டும் கேளுங்க. இல்லைன்னா கீழ்த்தளத்துல அறை வாங்குங்க.

குழாய்க்காரர்:
இருவருமே அறைக்குள் வரவில்லை. சூடு எதிலிருந்து வருகிறது? நீராவி ரேடியேட்டர் என்றால் கவலையில்லை. நீராவி வருவதும் தண்ணீர் திரும்புவதும் ஒரே குழாயில் நடக்கும் ஒற்றைக்குழாய் வகையில் மட்டும் வால்வை முழுக்கத் திறக்கணும் அல்லது முழுக்க மூடணும். பாதியில் விட்டால் நீராவி குளிர்ந்து உண்டான தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே தேங்கும். ராத்திரி முழுக்கச் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம். கணப்படுப்பு, கேஸ் ஹீட்டர் என்றால்தான் விஷயமே. சமவெளிக்காகச் சரிசெய்த பர்னர் மெல்லிய காற்றில் சரியாக எரியாது, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கூடும். அதற்கும் அறிகுறி தலைவலி, குமட்டல்தான்! மலைநோய் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்தால் தீர்ந்தது.

தேக்குக்கட்டில்:
அதுக்குத்தானே விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் இருக்கு?

குழாய்க்காரர்:
அதுதான் ஏமாற்றும் தம்பி. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியதாகவே அது கணக்கில் சேர்க்கும். அந்த உயரத்தில் 90 காட்டுவது சகஜம் வேறு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரே அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியா? வெளியே போனதும் குறைகிறதா? அப்படியானால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள், திரும்ப உள்ளே போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலிக்கும் பேட்டரி அலாரம் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

நடைவாசி:
ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்?

குழாய்க்காரர்:
நம்ப முடியாது. புகைபோக்கி இல்லாத ஹீட்டரைப் படுக்கும் முன் அணைத்துவிட்டு இன்னொரு கம்பளி கேளுங்கள். கரிச்சட்டி அறைக்குள் வரவே கூடாது.

நடைவாசி:
ஹீட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கீழே ஒரு ராத்திரி என்பதை மட்டும் நான் விடமாட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறங்கணும். பல பழைய ஓட்டல்களில் ராத்திரி ரிசப்ஷனில் ஆளே இருக்காது. அந்த நேரத்தில் வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று சாவி வாங்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.