கயிக்சியைத் துரோகி எண்டவருக்கு: சாண்ட்ஹவுசன் 7-0 தெரியுமோ?

நெக்கார்க்கரை:
நேற்று மற்றத் திரியில மெசூத்10 எழுதினது இது: "ஹஸ்ரெத் கயிக்சி மாதிரி துருக்கிப் பொண்ணுங்க காசுக்காக ஜெர்மனிக்குப் போனதாலதான் துருக்கி பெண்கள் அணி இன்னும் ஒரு யூரோ கப், ஒரு வேர்ல்ட் கப் கூட பாக்கல." வாசிச்ச நேரத்தில இருந்து எனக்குக் கொதிக்குது. தம்பி, கயிக்சி துருக்கி வம்சாவளிக் கால்பந்துக்காரி, ஆனா அந்தப் பிள்ளை ஜெர்மனிக்குப் போகேல்லை. 1991இல ஹைடல்பெர்க்கில பிறந்தவ. நான் இருக்கிறது மன்ஹைம், ரயில் ஏறினா கொஞ்ச நேரத்தில ஹைடல்பெர்க். பந்து பழகினது இஞ்ச, இளையோர் அணியில விளையாடினது ஜெர்மனிக்கு, பிறகு டூயிஸ்பர்க் கிளப், 2011இல இருந்து ஃப்ரைபர்க் கிளப், அங்க கப்டனாயும் இருந்தவ. 2015 ஒக்டோபர்ல யூரோ, அதாவது ஐரோப்பியக் கிண்ணத் தகுதிச் சுற்று, ஜெர்மனியும் துருக்கியும் ஒரே குழு, மேட்ச் நடந்தது சாண்ட்ஹவுசன்ல, அது ஹைடல்பெர்க்குக்குப் பக்கத்து ஊர். துருக்கி 7-0 தோல்வி. அந்த நேரம் கயிக்சி ஜெர்மனியின்ர சீனியர் அணிக்கு ஒரு மேட்ச் கூட ஆடேல்லை. பிறகெப்பிடி அவவால தோத்தது?

மெசூத்10:
அண்ணே வணக்கம். பேரைப் போட்டு தனித் திரியே திறந்துட்டீங்க, சந்தோஷம். நீங்க சொல்ற அந்த 7-0 தான் என் பாயிண்டே! அவ ஜெர்மனிக்கு ஆடலன்னு சொல்றீங்க, சரி, துருக்கிக்கும் ஆடலையே? அன்னிக்கு வீட்ல உக்காந்து டிவி பாத்திருப்பா. அவளை மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கர் நம்ம பக்கம் இருந்திருந்தா 7 வாங்கிருப்பாங்களா? ஹைடல்பெர்க்ல பிறந்தா என்ன, ஹக்கான் சல்ஹனோக்லு உங்க மன்ஹைம்லதான் பிறந்தான், துருக்கிக்கு கேப்டன் ஆகலையா?

நெக்கார்க்கரை:
"நம்ம பக்கமோ"? துருக்கி எப்ப உங்கட பக்கம் வந்தது? கலாட்டாசராய் ஜெர்சி வாங்கினவுடன இஸ்தான்புல்காரன் ஆயிட்டீரோ? ஸ்ட்ரைக்கர் ஒருத்தி வந்தா உங்கட கோலுக்குள்ள போன ஏழு பந்தை யார் தடுக்கிறது? 7-0 எண்டால் முன்னுக்கு நிக்கிறவவில பிழை இல்லை, அணியிலயே ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம். அதோட அது ஒரு நாள் விபத்துமில்லை, 2016 ஏப்ரல்ல இஸ்தான்புல்லயே 6-0. சொந்த மண்ணில!

லெஃப்ட்விங் லதா:
ரெண்டு பேரும் ஒரு ஸ்கோர புடிச்சு தொங்கிட்டு இருக்கீங்க. துருக்கி பெண்கள் அணி மொத மேட்ச் ஆடினதே 1995லதான், இஸ்தான்புல்ல ருமேனியாகிட்ட 8-0 தோல்வி. அதே வருஷம் ஜெர்மனி யூரோ ஜெயிச்சு வேர்ல்ட் கப் ஃபைனலும் ஆடிச்சு, நார்வேகிட்ட தோத்தாங்க. நடுவுல 2003ல துருக்கில பெண்கள் லீக்கையே நிறுத்திட்டாங்க, சில வருஷம் கழிச்சுதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. பெரிய கிளப்புங்க, ஃபெனர்பாச்சேவும் கலாட்டாசராயும், பெண்கள் லீக்குக்குள்ள வந்தது 2021ல. கயிக்சி பெரிய பொண்ணா வளர்ந்து கிளப் தேடின காலத்துல அங்க போய் எங்க ஆடுறது, யார்கிட்ட கத்துக்கறது? இதுக்கு மெசூத் பதில் சொல்லட்டும்.

மெசூத்10:
அக்கா, அப்ப மெலிகே பெக்கெல் மட்டும் என்ன முட்டாளா? மியூனிக்ல பிறந்த பொண்ணு, பயர்ன் ரெண்டாவது அணி, அப்புறம் பிரான்ஸ்ல மெட்ஸ், பிஎஸ்ஜி வரைக்கும் போனா, ஆனா நேஷனல் டீம்னு வந்தப்ப துருக்கி. கிளப்புக்கு எங்க வேணா ஆடலாம் அக்கா, யாரும் ஃப்ரைபர்க்க விட்டுட்டு அங்காரா வான்னு சொல்லல, வருஷத்துல சில வாரம் வந்து நாட்டுக்கு ஆடுன்னுதான் கேக்குறேன், இது பெரிய குத்தமா? பெக்கெல் மாதிரி இன்னும் நாலு பேர் வந்திருந்தா 7-0 வந்திருக்குமா வந்திருக்காதா, அதுக்கு மட்டும் நேரா பதில் சொல்லுங்க.

நெக்கார்க்கரை:
வந்திருக்கும். 7 இல்லாட்டி 5.

மெசூத்10:
எப்படிண்ணே அவ்ளோ உறுதியா சொல்றீங்க? ஜாதகம் பாத்தீங்களா?

ஆஃப்சைடு ஆறுமுகம்:
தம்பிகளா எதுக்கு சண்டை. ஃபிஃபா ரூலே மாறிடுச்சு, இப்பல்லாம் நாடு மாத்திக்கலாம். மனசு வெச்சா அந்தப் பொண்ணு துருக்கிக்கு வந்திருக்கலாம், மனசு இல்ல, அவ்வளவுதான் மேட்டர்.

லெஃப்ட்விங் லதா:
ஆறுமுகம் சார், ரூல் மாறினது 2020ல. அதுலயும் 21 வயசுக்கு முன்னாடி ஆடினதா இருக்கணும், சீனியர் ஆட்டம் மூணுக்கு மேல இருக்கக் கூடாது, கடைசியா ஆடி மூணு வருஷம் ஆகியிருக்கணும். கயிக்சி சீனியர் அணிக்கு வந்தது 2016ல, ஸ்டெஃபி ஜோன்ஸ் கோச்சா இருந்தப்ப, வயசு 24. 2017 யூரோ ஸ்குவாட்லயும் இருந்தாங்க. கதவு மூடியாச்சு. தெரியாம எழுதாதீங்க.

ஆஃப்சைடு ஆறுமுகம்:
தெரியாமலா? நான் 1982 வேர்ல்ட் கப்ல இருந்து ஃபுட்பால் பாக்குறவன்மா. 24 வயசு வரைக்கும் கதவு திறந்துதானே இருந்துச்சு, அப்ப ஏன் போகலன்னு கேக்குறேன். இதுக்கு ரூல் புஸ்தகத்துல பதில் இருக்கா?

நெக்கார்க்கரை:
ஏன் போகேல்லை எண்டு நான் சொல்லுறன். என்ர மகளும் இஞ்ச ஒரு கிளப்பில விளையாடுறா. ஊருக்கு ஊர் பெண்பிள்ளையளுக்கு அணி இருக்கு, லைசென்ஸ் எடுத்த பயிற்சியாளர் இருக்கு, மாவட்டத் தெரிவு, மாநிலத் தெரிவு எண்டு படி படியா ஆக்கள் வந்து பாத்து எடுப்பினம். முழங்கால் போனாலும் திருப்பி நிக்கப் பண்ணுறதுக்கு டொக்டரும் ஃபிசியோவும் இருக்கினம், கயிக்சி எத்தினை காயத்தில இருந்து எழும்பி வந்தவ எண்டு தேடிப் பாருங்கோ. அந்தப் பிள்ளையை இவ்வளவு காலமா வளத்தவன் ஒருத்தன், கடைசியில "வா, இது உன்ர நாடு" எண்டு கையை நீட்டுறவன் இன்னொருத்தனோ? அந்த நாடு அவவுக்கு ஒரு சோடி பூட்ஸ் வாங்கிக் குடுத்ததோ? சல்ஹனோக்லு கதையை இதுக்குள்ள கொண்டு வராதையும். ஆம்பிளையளின்ர துருக்கி 2002 உலகக் கிண்ணத்தில மூண்டாம் இடம் வந்த அணி, அவனுக்கு அது தியாகம் இல்லை. பெண்களின்ர துருக்கி சாண்ட்ஹவுசன்ல 7-0. ரெண்டும் ஒண்டோ?

கோல்போஸ்ட்:
ஓ, இப்ப "வளத்தவன்" பக்கம் நிக்கறீங்களா. 2018ல துருக்கி வம்சாவளி வீரர் ஓசில் ஜெர்மனி அணிய விட்டு விலகினப்போ இதே இடத்துல நீங்க எழுதினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "ஜெயிச்சா ஜெர்மன், தோத்தா குடியேறினவன்"னு அவர் சொன்னதுக்கு கைதட்டி மூணு பக்கம் எழுதினவர் நீங்கதான். அப்ப ஜெர்மனி கெட்டது, இப்ப நல்லதா?

நெக்கார்க்கரை:
அது வேற கதை. ஓசிலுக்குச் செய்தது அநியாயம், இண்டைக்கும் சொல்லுவன். ஆனா ஓசில் கூட துருக்கி அணிக்குப் போகேல்லையே? அந்தத் திரியில என்னைத் தனிப்பட்ட முறையில கேவலமா எழுதிப்போட்டு மன்னிப்பும் கேக்காமல் ஓடினவர் நீர். உமக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை.

கோல்போஸ்ட்:
நான் ஓடல. திரிய பூட்டுனது மாடரேட்டர்.

மெசூத்10:
பழைய கணக்க அப்புறம் பாருங்க. ஜெர்மனிய இவ்ளோ தூக்கி வெக்கறீங்களே, அதே ஜெர்மனி ஃபுட்பால் சங்கம்தான் 1955ல பொண்ணுங்க கால்பந்து ஆடக்கூடாதுன்னு தடை போட்டுச்சு, 1970 வரைக்கும் எடுக்கல. 1989ல யூரோ ஜெயிச்ச பொண்ணுங்களுக்கு பரிசா என்ன குடுத்தாங்க? காபி கப் செட்! அந்த நாடு மாறலாம், துருக்கி மட்டும் மாறவே மாறாதா? 2021ல ஜெர்மனிகிட்ட பிரவுன்ஷ்வைக்ல 8-0 தோத்தாங்க, ஒத்துக்கறேன், ஆனா அடுத்த வருஷம் துருக்கில புர்சா ஊர்ல 3-0 தான். 2023ல ஐரோப்பிய நாடுகள் ஆடற நேஷன்ஸ் லீக்ல சி பிரிவுல இருந்து பி பிரிவுக்கு ஏறினாங்க. வளருது. கயிக்சி மாதிரி பேர் சொல்ற ஆளுங்க அன்னிக்கே வந்திருந்தா பத்து வருஷம் முன்னாடியே வளர்ந்திருக்கும், அதைத்தான் சொன்னேன், துரோகின்னு நான் எங்கயும் எழுதல, அது நீங்க தலைப்புல போட்டது.

லெஃப்ட்விங் லதா:
"காசுக்காக"ன்னு எழுதினது யாரு? ஜெர்மனி பெண்கள் லீக்கான புண்டெஸ்லிகால 2011ல காசா? பாதிப் பேர் படிச்சுகிட்டே, வேலைக்குப் போய்கிட்டே சாயங்காலம் ப்ராக்டீஸ் வந்தவங்க. ஃப்ரைபர்க் 2019லயும் 2023லயும் ஜெர்மனி கோப்பை ஃபைனல் வரைக்கும் வந்து ரெண்டு தடவையும் வுல்ஃப்ஸ்பர்க்கிட்ட தோத்த கிளப். காசுதான் வேணும்னா வருஷக்கணக்கா அங்க எதுக்கு இருக்கணும்? அந்த ஒரு வார்த்தைய வாபஸ் வாங்கு தம்பி, மத்தத அப்புறம் பேசலாம்.

மெசூத்10:
வாங்க மாட்டேன். காசுன்னா சம்பளம் மட்டுமில்ல, வசதி எல்லாமே சேர்த்துத்தான். நெக்கார் அண்ணனே ஃபிசியோ, டொக்டர்னு பட்டியல் போட்டாரே, அது வேற என்ன?

நெக்கார்க்கரை:
வசதி குடுக்காத இடத்துக்கு ஏன் போகவேணும் எண்டுதான் நான் மூண்டாம் தரமாக் கேக்கிறன். மெசூத், நீர் கயிக்சி ஆடின ஒரு மேட்ச் தொண்ணூறு நிமிஷம் பாத்திருக்கிறீரோ? நான் ஃப்ரைபர்க் ட்ரைசாம் ஸ்டேடியத்தில மகளோட நிண்டு பாத்தனான். முதல்ல பாத்திட்டு வாரும்.

மெசூத்10:
பக்கத்துல வீடு இருந்தா பாக்கலாம்ணே. இங்க அந்த மேட்ச்ச எந்த சானல் போடுது? ஸ்டேடியத்துக்கு போனவன் மட்டும்தான் பேசணும்னா இந்த ஃபோரத்துல நீங்க ஒருத்தர் மட்டும்தான் தனியா எழுதிட்டு இருக்கணும்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:
இப்பவே அவர் ஒருத்தர்தான் எழுதிட்டு இருக்கார்.

நெக்கார்க்கரை:
ஆறுமுகம் ஐயா, உங்களுக்கும் சேத்துத்தான். 1982 தெரியும், 2015 தெரியாது. சாண்ட்ஹவுசன். 7-0. இதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

மெசூத்10:
நான் சொல்லிட்டேன். அவ இல்லாததாலதான் 7-0.

நெக்கார்க்கரை:
அவ இருந்தாலும் 7-0.