பெரிய வீட்டுக் குழு: சப்பரத்துக்கு யார் யார்?

மெர்சி அத்தை: மரியே வாழ்க. நம்ம தூத்துக்குடி பனிமய மாதா கோவில் சப்பரம் ஆகஸ்ட் 5 புதன்கிழமை வருது. யார் யார் வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள். நண்டு சொல்லி வைக்கணும்.

ஷீபா அக்கா: நாங்க 4 பேர் அத்தை. திங்கள் ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம்.

பிரின்ஸ்: தங்கத் தேர் உண்டா?

அந்தோணி சித்தப்பா: தம்பி, தங்கத் தேர் வருஷா வருஷம் வராது. 2013இல் கோவில் கட்டி 300 வருஷம் ஆனதற்கு இழுத்தார்கள். அப்புறம் 2023. மற்ற வருஷங்களில் மாதா சப்பரத்தில்தான் வருவாள். ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து எண்ணினால் 11ஆம் நாள் அது. கோவில் பசிலிக்கா ஆனது 1982இல். அப்போது எனக்கு

அந்தோணி சித்தப்பா: கை பட்டுப் போய்விட்டது. மீதியை அப்புறம் சொல்கிறேன்.

பிரின்ஸ்: 🙏 இல்லை என்று புரிந்துகொண்டேன்

ரீட்டா பெரியம்மை: 2013 தேர் அன்றைக்கு என்னையும் அம்மையையும் கோவில் வாசலில் விட்டுவிட்டு வேன் கிளம்பியதே, அது எனக்கு நன்றாக நினைவிருக்கு.

ராஜன் மாமா: நீங்க வளையல் கடையில் நின்றீர்கள்.

ரீட்டா பெரியம்மை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஷீபா அக்கா: 😶 சரி, செவ்வாய் சாயங்காலம் எங்கே போகலாம்? பிள்ளைகளுக்குப் போட்டில் ஏறி ஏதாவது தீவில் இறங்கணுமாம்.

அந்தோணி சித்தப்பா: அது நடக்காது ஷீபா. வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி எல்லாம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. மொத்தம் 21 தீவு. அதில் நம்ம பக்கத்து விலாங்குசல்லி தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்த வினை. உங்கள் தாத்தா காலத்தில் சுண்ணாம்புக்கு அதைத்தான் எடுத்தார்கள். இப்போது யாரும் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. முயல் தீவு என்றால் துறைமுகச் சாலை வழியாக வண்டியிலேயே போகலாம். அன்றைக்கு உள்ளே விடுவார்களா என்று பழைய ஆட்களைக் கேட்டுச் சொல்கிறேன். 31 வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்தவன் கேட்டால் சொல்ல மாட்டார்களா?

பிரின்ஸ்: போன வருஷமும் கேட்டுச் சொல்கிறேன் என்றீர்கள் 😂

ராஜன் மாமா: ரோச் பார்க் போதும். ராத்திரி பொரிச்ச புரோட்டா.

ஷீபா அக்கா: புரோட்டாவுக்கு ஓகே. மக்ரூன் 3 கிலோ வேணும் அத்தை, ஆபீசுக்கு. போன தடவை ரயிலிலேயே பிசுபிசு என்று ஆகிவிட்டது.

மெர்சி அத்தை: அட்டைப் பெட்டியோடு கொண்டுபோனால் அப்படித்தான். வெறும் முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும்தானே, காற்றுப் பட்டாலே இளகிவிடும். இறுக்கமான மூடி போட்ட டப்பா கொண்டு வா.

பிரின்ஸ்: எனக்கு அரை கிலோ

அந்தோணி சித்தப்பா: மக்ரூன் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்பார்கள். அவர்கள்

ராஜன் மாமா: அந்தோணி, வேன்காரன் நம்பர் உன்னிடம் இருக்கா?

அந்தோணி சித்தப்பா: பழைய போனில் இருக்கு மச்சான்.

மெர்சி அத்தை: எல்லாரும் எங்கே படுப்பது, அதைப் பேசுங்கள் முதலில். மாடி பூட்டிக் கிடக்கு.

ரீட்டா பெரியம்மை: சாவி என்னிடம்தான் இருக்கு. கேட்டால் தர மாட்டேன் என்றா சொன்னேன்?

மெர்சி அத்தை: கிறிஸ்துமஸுக்கும் இதையேதான் சொன்னீங்க மைனி.

ரீட்டா பெரியம்மை: அப்போது யாரும் பாளையங்கோட்டைக்கு வந்து வாங்கிக்கொள்ளவில்லை.

பிரின்ஸ்: நான் சனிக்கிழமை பைக்கில் வந்து வாங்கிக்கவா பெரியம்மை?

ரீட்டா பெரியம்மை: சனிக்கிழமை நான் இருக்க மாட்டேன்.

ஷீபா அக்கா: புதன் உள்ளூர் விடுமுறைதானே?

பிரின்ஸ்: ஆமா. ஆனால் ஒரு சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

ராஜன் மாமா: வேன் 12 சீட்டா, 17 சீட்டா?

மெர்சி அத்தை: அவரவர் கதையைப் பேசுகிறீர்கள், ஆள் கணக்கு மட்டும் வரவில்லை. நண்டு 4 கிலோ சொல்லிவிட்டேன். பற்றாவிட்டால் என்னைக் கேட்காதீர்கள்.

ரீட்டா பெரியம்மை: எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்பது மறந்துபோச்சா மைனி?