மின்சார லாரி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. கிடங்கிலிருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றும் சின்ன லாரித் தொழில் எங்களுடையது. பழைய டீசல் வண்டிகளில் இரண்டை மாற்றியாக வேண்டும். மின்சார லாரிக்கே போய்விடலாம் என்று எனக்கு ஆசை. தினமும் ஒரே வழித்தடம், இரவில் வண்டி எங்கள் இடத்திலேயே நிற்கும். இதைவிடத் தோதான ஓட்டம் அமையாது. சோதனை ஓட்டம் போய்வந்த எங்கள் ஓட்டுநர் அண்ணன், "முதுகு அதிரவே இல்லை" என்று இறங்கும்போதே சொன்னார்.

சார்ஜிங்தான் பெரிய கவலை. முழுப் பாரத்தோடு கனரக லாரி கிலோமீட்டருக்கு 1 முதல் 1.5 யூனிட் வரை இழுக்கும். 300 கிலோமீட்டருக்கு 450 யூனிட் என்று வைத்தால், இரண்டு வண்டியையும் 8 மணி நேரத்தில் நிரப்ப 112 கிலோவாட்டுக்கு மேல் இணைப்பு வேண்டும். தனி டிரான்ஸ்ஃபார்மர் போட்டீர்களா? இணைப்பு கிடைக்க எவ்வளவு காலம் பிடித்தது?

அப்புறம் பாரம். பேட்டரி எடையால் ஏற்றும் சரக்கு குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காக 2 டன் வரை கூடுதல் எடை அனுமதி உண்டு. அப்படிச் சலுகை இல்லாத இடங்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இன்னொன்று, எங்கள் கிடங்கு மேட்டில் இருக்கிறது. பேட்டரி நிறைந்திருக்கும்போது இறக்கத்தில் மோட்டார் பிரேக் (வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்கே திருப்புவது) சரியாகப் பிடிக்காது என்பதால் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றாமல் கிளம்புவது நல்லதா? எந்த அளவில் நிறுத்துகிறீர்கள்?

ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர்கள் சொன்னாலும் உதவியாக இருக்கும்.