புதுப்பிப்பு: ஜாம் ஆன பழைய பைக் இன்ஜின் கடைசியா சுத்திருச்சு!

பல வருஷமா கெடந்த வண்டிய திரும்ப ஓட்டணும்னு ஆரம்பிச்சு, கிக்கரே இறங்கலைன்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முதல்ல டீசல் ஊத்தி ரெண்டு நாள் விட்டேன், அசையல. அப்புறம் ஒருத்தர் சொன்ன மாதிரி ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊத்துற ஆயில்) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா ஊத்தி (வெளியில வச்சு பண்ணுங்க, சட்டுனு தீப்புடிக்கிற சாமான்) நாலு நாள் அப்படியே விட்டுட்டேன். கிக்கர்ல ஏறி மிதிக்காதீங்க, ஷாஃப்ட் போயிரும்னு இன்னொருத்தர் சொன்னதும் நல்லதாப்போச்சு. டாப் கியர்ல போட்டு பின் வீல முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டினேன், அஞ்சாம் நாள் சாயங்காலம் "டக்"னு ஒரு சத்தம், வீல் ஒரு விரக்கடை நகந்துச்சு பாருங்க, கத்தியே விட்டேன்.

பிளக்க மாட்டாம சுத்துனப்போ துருத்தண்ணி மாதிரி செவப்பா பீச்சி சட்டையெல்லாம் நாசம்.

எதிர்பாக்காதது என்னன்னா ஸ்பார்க்கே வரல. காயில் போச்சுன்னு நெனச்சேன், பாத்தா காண்டாக்ட் பாயின்ட் (ஸ்பார்க் வர்றதுக்கு காயிலுக்குப் போற கரண்ட்ட விட்டு விட்டு வெட்டுற சின்ன சுவிட்ச்) மேல வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. பொடி எமரி பேப்பர்ல தேய்ச்சு, மேனுவல்படி 0.4 மிமீ கேப் வச்சதும் நீலமா அடிச்சிருச்சு. இன்னும் ஸ்டார்ட் பண்ணல, சிலிண்டரக் கழட்டி பிஸ்டன் ரிங்கு பாத்துட்டுத்தான்.