பாசிவ் கூலிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1: பென்னாகரத்திலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். கொத்தனார் பயிற்சிக்கு வருபவர்களுக்காக, சூழலுக்குக் கேடில்லாமல் வீடு கட்டுவது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘பாசிவ் கூலிங்’ என்ற இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். ஏசி ஓட்டாமல், சுவர், கூரை, நிழல், காற்று இவற்றை வைத்தே வீட்டைக் குளுமையாக வைத்திருக்கும் முறை அது. வரைவில் ‘செயலறு குளிர்விப்பு’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் வாசித்தபோது ஒரு பையன் எழுந்து, “மெஷின் ரிப்பேர் ஆயிடுச்சுங்களா சார்?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. உதவுங்கள்.

மடல் 2: ஓசூரிலிருந்து

சார், ‘பாசிவ் கூலிங்’ என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள். நான் தினமும் சைட்டில் நிற்பவன். பீம், சன்ஷேடு, ஹாலோ பிளாக் என்றுதான் மேஸ்திரியும் பேசுகிறார், நானும் பேசுகிறேன். நாம் தமிழென்று நினைக்கும் ஜன்னலே போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல்.

சொல்லைவிட, உள்ளே என்ன எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். நம் மாவட்டங்கள் 12 பாகை அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல். சுவரைவிடக் கூரைதான் அதிகம் வாங்கும். அதனால் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, மேற்குச் சுவருக்கு நிழல், இந்த இரண்டையும் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா விதிகளும் இதைத்தான் கணக்காகச் சொல்கின்றன: குளிர்ப் பிரதேசம் தவிர மற்ற இடங்களில் வெளிச்சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. கூரைக்குத் தனி வரம்பு உண்டு.

மடல் 3: தருமபுரியிலிருந்து

பென்னாகரம் தம்பிக்கு,

‘செயலறு’ வேண்டவே வேண்டாம். அந்த வீடு சும்மா இல்லை. பகல் முழுக்க வெயிலைத் தாங்குகிறது, இரவு முழுக்க அந்தச் சூட்டை வெளியே விடுகிறது. அதைப் போய்ச் செயலற்றது என்பதா? ஆங்கில இலக்கணத்தில் ‘பாசிவ்’ என்றால் செயப்பாட்டுவினை என்பதால், ‘செயப்பாட்டுக் குளிர்ச்சி’ என்று யாராவது கிளம்புவதற்குள் அதையும் மறுத்துவிடுகிறேன். செயப்பாட்டுவினை என்றால் செய்பவர் ஒருவர் மறைந்தாவது நிற்பார். வீடு குளிர்விக்கப்பட்டது என்றால் யாரால், எதனால் என்ற கேள்வி வரும். பார்க்கப்போனால் ஏசி மாட்டிய வீடுதான் செயப்பாட்டு வீடு.

நமக்கு வேண்டிய வேறுபாடு இலக்கணத்தில் வேறு இடத்தில் இருக்கிறது: தன்வினை, பிறவினை. குழந்தை உண்டது, தன்வினை. தாய் ஊட்டினாள், பிறவினை. ‘குளிரூட்டல்’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்த ‘ஊட்டு’ உட்கார்ந்திருக்கிறது. ‘குளிர்விப்பு’ என்றாலும் அதில் வரும் ‘வி’ பிறவினை விகுதி. ஆகவே ஏசிக்குக் குளிரூட்டல் என்பது பொருத்தம். இதற்கு வெறும் குளிர்வு போதும். முன்னால் ‘தன்’ சேருங்கள்: தன்குளிர்வு.

ஓசூர் நண்பருக்கு ஒன்று. ஜன்னல் வந்து தங்கிவிட்டது, சரி. அதற்காக வருகிற எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்து வைத்தால், நம் பிள்ளைகள் சொந்தமாக ஒரு சொல்லை ஆக்கும் பழக்கத்தையே விட்டுவிடுவார்கள். அதுதான் என் கவலை.

மடல் 4: சென்னையிலிருந்து (சொந்த ஊர் அரூர்)

ஐயா, இலக்கணம் அருமை. ஆனால் இயற்பியல் இடிக்கிறது. எந்த வீடும் தானாகக் குளிராது. தடித்த மண்சுவர் பகல் சூட்டை மெதுவாக வாங்கி இரவில் விடுகிறது. விட வேண்டுமானால் இரவுக் காற்று குளிர்ந்திருக்க வேண்டும், யாராவது ஜன்னலைத் திறந்தும் வைக்க வேண்டும். அரூர்ப் பக்கம் பொழுது சாய்ந்தால் சூடு இறங்கும், அதனால் பலிக்கிறது. இங்கே மே மாத இரவும் புழுக்கம். அதே சுவர் விடிய விடிய அனல் அடிக்கும், காற்றோட்டம்தான் கைகொடுக்கும். அந்தந்த ஊரின் இயல்பை வைத்துக் குளிர்வது என்பதால் ‘இயற்குளிர்வு’ என்பேன். ‘தன்’ என்றால் தெர்மோஸ்டாட் வைத்துத் தானே இயங்குவது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மடல் 5: தருமபுரியிலிருந்து

‘குழந்தை நடந்தது’ என்றாலும் தரை வேண்டும்தான். அதனால் அது தன்வினை இல்லை என்று ஆகிவிடுமா?

மடல் 6: கிருஷ்ணகிரியிலிருந்து

குளிர் என்றதும் நம் பக்கத்தில் சளியும் போர்வையும்தான் நினைவுக்கு வரும். இதமான குளுமைக்கு ‘தண்’ இருக்கிறதே, அண்ணா. தண்ணீர் தண்+நீர். தணிதலும் அதே வேர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் பாட்டிகள் நிழலில் உட்கார்ந்ததும் ‘தண்ணகெ’ என்பார்கள். இந்த மாவட்டத்தில் இரண்டு மொழிக்காரருக்கும் புரியும் வேர் அது. ஒகேனக்கல்லைப் பாருங்கள்: கன்னடத்து ‘ஹொகே’ நம் ‘புகை’, நம் பகரம் அங்கே ஹகரம் ஆகிறது, பால் ஹாலு ஆவதுபோல. எங்கோ போய்விட்டேன். ‘தண்மனை’ என்பது என் பரிந்துரை.

இன்னொன்று. நெடுநல்வாடையில் “வேனிற் பள்ளித் தென்வளி தரூஉம் நேர்வாய்க் கட்டளை” என்று வருகிறது. வெயில் காலத்தில் படுக்கும் இடத்துக்குத் தென்றலைக் கொண்டுவரும் சாளரம் அது. பாட்டில் குளிர் வாட்டும் கூதிர்காலம், அதனால் கதவைத் தாழிட்டு வைத்திருக்கிறார்கள். பருவம் பார்த்துத் திறப்பதும் மூடுவதும், சென்னை அண்ணா சொல்வதும் அதுதானே? சிலம்பில் ‘மான்கண் காலதர்’ உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கையேட்டில் வென்டிலேட்டர் வரும் இடத்திலெல்லாம் காலதர் என்று போடுங்கள். இதைவிடப் பொருத்தமான சொல்லை நாம் பத்து நாள் உட்கார்ந்தாலும் ஆக்க முடியாது.

மடல் 7: ஓசூரிலிருந்து

தண்மனை வீட்டின் பெயர். இவர் கேட்பது முறையின் பெயர். அப்புறம், தன்குளிர்வா தற்குளிர்வா? தற்காப்பு என்கிறோமே?

மடல் 8: தருமபுரியிலிருந்து

‘தன்’ முன் வல்லினம் வந்தால் இரண்டும் வரலாம் என்பது நன்னூல். தற்குளிர்வு காதுக்குத் தற்கொலைபோல் விழுகிறது. தன்குளிர்வே இருக்கட்டும்.

மடல் 9: பென்னாகரத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நேற்று வயதான கொத்தனார் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாட்டு ஓடு, ஒரு முழத் தடிமனுக்கு மண்சுவர். மதியம் மூன்று மணி. வெளிச்சுவரில் கை வைத்தேன், சுட்டது. உள்ளே போய் அதே இடத்தில் வைத்தேன். சாணி மெழுகிய சுவர் பானையின் அடிவயிறுபோல் குளுகுளுவென்று இருந்தது. “எப்படிங்க?” என்றேன். “ராவுல அதுவா குளுந்துக்கும், பகலுக்குத் தாங்கிக்கும்” என்றார். குளுந்துக்கும். குளிர்ந்துகொள்ளும். ஐயா சொன்ன தன்வினை அவர் வாயில் முன்பே இருக்கிறது.

தலைப்பில் தன்குளிர்வு என்று போடுகிறேன். கீழே ‘வீடு மின்சாரமில்லாமல் குளிர்ந்துகொள்ளும் முறை’ என்று ஒரு வரி. தேர்வில் கேட்பார்கள் என்பதால் பாசிவ் கூலிங் ஒரே ஒரு முறை வரும்.

மடல் 10: சென்னையிலிருந்து

பெரும்பான்மை அப்படியென்றால் தடுக்கவில்லை. என் கட்டுரைகளில் இயற்குளிர்வு என்றே எழுதுவேன். இந்தக் கையேடு கடலூருக்கோ நாகைக்கோ போனால், மண்சுவர்ப் பகுதியையாவது மாற்றி எழுதுங்கள்.

மடல் 11: கிருஷ்ணகிரியிலிருந்து

காலதர் போட்டீர்களா, அண்ணா?